எடைத் தட்டும் எல்லைக்கல்லும்

நீலகிரித் திருச்சபைகளின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் ஆயர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஏப்ரல் பிறந்ததும் மலை ரயிலும் பேருந்துகளும் சமவெளி மக்களை ஊட்டிக்கும் குன்னூருக்கும் ஏற்றிக்கொண்டு வருகின்றன. அதே வாரங்களில் உங்கள் சபை மண்டபங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டுகிறது. எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்தும் பஜார் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வந்து பாயில் உட்காருகிறார்கள். செய்கைப் பாட்டு, மனப்பாட வசனம், பொம்மலாட்டம், நடுவில் பிஸ்கட்டும் டீயும். உங்களில் பலர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இந்த ஊழியத்துக்கு வருகிறவர்கள். அந்த உழைப்பின் மேல் உள்ள மரியாதையோடுதான் இம்மடல் எழுதப்படுகிறது. உங்கள் வகுப்பில் பாவம் என்ற பாடம் எங்கே வைக்கப்படுகிறது, எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதே இதன் பேச்சு.

பெரும்பாலான வகுப்புகளில் அது தொடக்கத்திலேயே வந்து தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. எழுத்தே இல்லாத, நிறங்கள் மட்டும் உள்ள அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1866இல் லண்டனில் சார்லஸ் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பக்கங்களை வைத்துப் பிரசங்கம் செய்தார். 1875இல் டி. எல். மூடி பொன்னிறத்தைச் சேர்த்தார். தமிழ்நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அதே நிறங்களில் சாட்டின் கொடி ஒன்று தைத்து, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் அதை வைத்தே பேசினார். பச்சை பிற்பாடு வந்து சேர்ந்தது. அது ஆவிக்குரிய வளர்ச்சியின் நிறம்.

வகுப்பில் நடப்பது என்ன? கறுப்புப் பக்கத்தில் பாவம். சிவப்பில் இயேசுவின் இரத்தம். வெள்ளையில் கழுவப்பட்ட இருதயம். பச்சைக்கு வரும்போது தினமும் ஜெபம், வேத வாசிப்பு, சபை கூடிவருதல், சாட்சி சொல்லுதல். கறுப்புப் பக்கம் திரும்ப வருவதே இல்லை. முதல் நாள் அழுத பிள்ளை கடைசி நாளில் கை தட்டுகிறது, சான்றிதழ் வாங்குகிறது. வளர்ச்சி தொடங்கிய இடத்தில் பாவப் பேச்சு முடிந்துவிட்டது என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனதில் சொல்லாமலேயே பதிந்துவிடுகிறது. பிறகு பதினைந்து வயதில் திடப்படுத்தல் வகுப்பில் பாவம் மறுபடி தலைகாட்டும். அப்போது அது சினிமா, செல்போன், காதல், சிகரெட் என்று சுருங்கியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொழுந்துக் காட்டு வெயிலில் கறுத்த தாயின் பிள்ளையிடம், பள்ளியில் ஏற்கெனவே நிறத்தை வைத்துக் கேலி செய்யப்பட்ட பிள்ளையிடம், கறுப்புத் தாளைக் காட்டி இதுதான் பாவம் என்று சொல்லாதீர்கள். உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளை தாளைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் பார்க்கும். இருட்டு என்று சொல்லுங்கள், போதும். விளக்கை அணைத்துக் காட்டினால் மூன்று வயதுக் குழந்தைக்கும் புரியும்.

இனி, இம்மலையின் சொத்து ஒன்றைப் பற்றி. பாவத்தை எப்படிக் கற்பிப்பது என்று தேட நீங்கள் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. கேத்தி பள்ளத்தாக்கிலேயே அதற்கு ஒரு பாடம் கிடக்கிறது.

காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற நீதிபதியின் முயற்சியாலும் பொருளுதவியாலும் 1846இல் பாசல் மிஷன் ஊழியர்கள் கேத்தியில் குடியேறினார்கள். அவர்களில் மெட்ஸ் போன்றவர்கள் ஹட்டி ஹட்டியாக நடந்து படகர்களின் மொழியைக் கற்றார்கள். அங்கே சாவு வீடுகளில் ஒரு சடங்கைக் கண்டார்கள். இறந்தவரின் பாடைக்கு முன்னே பெரியவர் ஒருவர் நின்று பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் சூழ நின்ற கூட்டம் அது பாவம் என்று குரல் கொடுக்கும். இறந்தவர் செய்தது மட்டும் என்றில்லை, அவருடைய முன்னோர் செய்ததும் பட்டியலில் வரும். ஆயிரத்து முந்நூறு பாவங்கள் என்று கணக்கு. எல்லாம் சொல்லி முடித்ததும் அவற்றை ஒரு கன்றுக்குட்டியின் மேல் ஏற்றி, அதை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். பிறகு அந்தக் கன்றை யாரும் வேலைக்குக் கட்டக் கூடாது. சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் தொகுப்பில் இந்தச் சாவுப் பாட்டு ஆங்கிலச் செய்யுளாக வந்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டனும் இதைப் பதிவு செய்தார். பிரேசரின் பெயர்பெற்ற நூலான 'பொற்கிளை'யிலும் நீலகிரி படகர்களுக்கு இதன் பேரில் ஓர் இடம் உண்டு.

அந்தப் பட்டியலில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். ஊர்ந்து போன பாம்பைக் கொன்றது. தீங்கு செய்யாத தவளையைக் கொன்றது. எல்லைக்கல்லை நகர்த்தியது. அண்ணன் தம்பிக்குள் மூட்டிவிட்டது. மலையில் வழி தவறிய அந்நியனுக்கு உதவுவதுபோல் தவறான பாதையைக் காட்டியது. அடுத்தவன் எருமை நிறையக் கறக்கிறதே என்று வயிறெரிந்தது. வயது வராத இளங்காளையை ஏரில் பூட்டியது. மாமனார் தரையில் உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் உயர்ந்த இடத்தில் சாய்ந்துகொண்டது. பசி என்று வந்தவனுக்குச் சோறும் குளிர் என்று வந்தவனுக்கு நெருப்பும் தராதது. குளத்தின் கரையை வெட்டித் தண்ணீரை வீணாக்கியது. ஓடையில் நீர் குடிக்குமுன் அதை வணங்காமல் விட்டது.

ஆறாயிரம் அடிக்கு மேலே குளிரில் வாழ்ந்த மக்கள் நெருப்பு தர மறுத்ததைப் பாவம் என்று எண்ணிவைத்திருக்கிறார்கள். இதைவிட நிலத்தோடு ஒட்டிய அறப் போதனை எங்கே கிடைக்கும்? இதில் பாவம் என்பது பெரும்பாலும் இன்னொருவருக்கு நேர்ந்த ஒன்று. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பாதிக்கப்பட்ட ஒரு முகம் இருக்கிறது. ஆளின் முகம், மாட்டின் முகம், சில வேளை ஓடைத் தண்ணீரின் முகம்.

வேதாகமம் படித்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. உபாகமம் 27ஆம் அதிகாரத்தில் லேவியர்கள் உரத்த குரலில் சாபங்களை அறிவிக்க, ஜனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்கிறார்கள். அங்கேயும் பதினேழாம் வசனத்தில் அயலானின் எல்லைக்குறியை நகர்த்துகிறவன் வருகிறான். அடுத்த வசனத்திலேயே குருடனை வழிதப்பச் செய்கிறவன் வருகிறான். லேவியராகமம் 16இல் ஜனங்களின் பாவங்களைச் சுமந்துகொண்டு வெள்ளாடு வனாந்தரத்துக்குப் போகிறது. கேத்தியில் நின்ற ஜெர்மானிய போதகர்களுக்கு இந்த ஒற்றுமை கண்ணில் படாமல் இருந்திருக்காது.

அவர்கள் சொன்ன பதில் சுவிசேஷத்தின் பதில். கன்றால் சுமக்க முடியாததைக் கிறிஸ்து ஒரே தரம் சுமந்து முடித்தார். 1858இல் முதல் படகர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். கன்றின் இடத்தில் சிலுவை வந்தது. அதில் இம்மடலுக்கு எந்த வாதமும் இல்லை. ஆனால் கன்றோடு சேர்ந்து பட்டியலும் போய்விட்டது. அதுதான் இழப்பு. அதற்குப் பதிலாக வந்த பொதுவான பாவ அறிக்கை அழகானது, ஆழமானது. ஆயினும் ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனையில் எல்லாரும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது அதில் எல்லைக்கல் எங்கே, எருமை எங்கே, நெருப்பு எங்கே? நாங்கள் எல்லாரும் பாவிகள் என்று சொல்வது எளிது. கல்லை நகர்த்தினேன் என்று சொல்வது கடினம்.

கல்லை விடுவோம், இன்றைய நீலகிரியில் எடைத் தட்டைப் பார்ப்போம். மாலை மூன்றரை, நான்கு மணிக்கு எந்த எஸ்டேட் பாதையோரத்திலும் காணலாம். முதுகில் கொழுந்து மூட்டையோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவில் காலை மழை இன்னும் காயவில்லை. மூட்டை தராசுக் கொக்கியில் ஏறுகிறது, முள் ஆடி நிற்பதற்குள் நோட்டில் எழுத்து விழுகிறது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழிவு. நியாயமான கழிவு உண்டு. மழை நாளில் இலையோடு தண்ணீரும் எடையில் ஏறும் என்பதை மறுக்க முடியாது. வெயில் காயும் நாளிலும் அதே கழிவு போனால் அது வேறு கதை. சிறு விவசாயி பச்சைத் தேயிலையை ஏஜெண்டிடம் போடும் இடத்திலும் இதே கதைதான். எழுதுகிற கையும் மூட்டை இறக்குகிற கையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே கிண்ணத்தை நோக்கி நீள்வது நம் சபைகளில் அபூர்வமில்லை. உபவாசக் கூட்டத்தில் எழுதுகிறவர் எழுந்து, பீடி விட்டேன், குடி விட்டேன் என்று சாட்சி சொல்கிறார். எல்லாரும் அல்லேலூயா சொல்கிறார்கள். அவர் விட்டது உண்மை, அதற்குத் தேவனுக்கு ஸ்தோத்திரம். தராசைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. கள்ளத் தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்பது நீதிமொழிகளில் இருக்கிறது. பிள்ளைகளின் மனப்பாட வசனப் பட்டியலில் பெரும்பாலும் இல்லை.

வளர்ச்சிப் பாடத்தில் பாவத்துக்கு இடம் வேண்டும் என்று இம்மடல் கேட்பது இதற்காகத்தான். இரட்சிக்கப்படாதவர்களைப் பயமுறுத்துவதற்காக அது கேட்கப்படவில்லை. இரட்சிக்கப்பட்டவர் தராசைச் சரிசெய்வதற்காகக் கேட்கப்படுகிறது. எபேசியர் நிருபத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதல் மூன்று அதிகாரமும் கிருபை. வாசகர்களைப் பரிசுத்தவான்கள் என்று அழைத்துவிட்டுத்தான் பவுல் பொய், கோபம், திருட்டு என்று பெயர் சொல்லத் தொடங்குகிறார். நான்காம் அதிகாரத்தில் திருடனைப் பற்றி அவர் சொல்வது ஆவிக்குரிய வளர்ச்சிக்கு ஒரு முழுப் பாடத்திட்டம்: திருட்டை விட வேண்டும், தன் கையால் பாடுபட வேண்டும், இல்லாதவனுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஏதாவது இருக்க வேண்டும். எடுத்த கை கொடுக்கும் கையாக மாறும்வரை அவர் அந்த ஆளை விடுவதில்லை. பரிசுத்தவான்களுக்கு எழுதிய கடிதத்தில் திருட்டு எதற்கு என்று பவுலுக்குத் தயக்கம் வரவில்லை.

சகேயுவும் அப்படியே. இயேசு வீட்டுக்குள் வந்த பிறகுதான் அவன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறான். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். பிள்ளைகளுக்கு அத்தி மரம் ஏறிய குள்ள மனிதனின் கதையைப் பாட்டாகச் சொல்லித் தருகிறோம். மரத்திலிருந்து இறங்கியதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. நாலத்தனை என்ற கணக்கைக் குன்னூர் பஜார்க் கடைக்காரரின் பிள்ளைக்கும் வட்டிக்குக் கொடுப்பவரின் பிள்ளைக்கும் விளக்கிச் சொன்னால் வகுப்பு எப்படி இருக்கும் என்று ஒரு முறை செய்து பாருங்கள்.

இது புதுச் சரக்கு இல்லை. 1517இல் லூத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துகளில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். 1743இல் ஜான் வெஸ்லி தம் சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகளில், வரி கட்டாத சரக்கை வாங்குவதும் விற்பதும், அநியாய வட்டியும், திருப்பித் தர வழியில்லாமல் கடன் வாங்குவதும் பெயரோடு இடம்பெற்றன. ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வகுப்புகளில் வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் விசாரித்தார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். ஆகவே இது உங்கள் சொந்தப் பாட்டன் சொத்து. மகளிர் சுய உதவிக் குழுக் கடனும் தேயிலை முன்பணமும் நிறைந்த இம்மலையில், கடனைப் பற்றிய அந்த விதி ஒன்றை மட்டும் எடுத்து ஒரு மாதம் பேசலாம். வாங்கியவரின் பொறுப்பையும் பேசலாம், கழுத்தை நெரிக்கும் வட்டிக்குக் கொடுத்தவரின் பொறுப்பையும் பேசலாம்.

கத்தோலிக்க ஆசிரியர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு வசதி உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்மச் சோதனை என்று ஒரு படி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் கேள்வித் தாளில், பூசைக்குப் போகாமல் இருந்தேனா, பெற்றோருக்குக் கீழ்ப்படிந்தேனா என்பதோடு நின்றுவிடாமல், வழி கேட்டவரை ஏமாற்றினேனா என்பதும் சேர வேண்டும். சீசன் நாட்களில் சுற்றுலாப் பயணியிடம் இரண்டு மடங்கு வாடகை கேட்கும் அப்பாவின் பிள்ளைக்கு அந்தக் கேள்வி புரியும்.

பாவத்தை அதிகம் பேசச் சொல்வதால் ஒரு ஆபத்தும் வரும் என்பதை இம்மடல் மறைக்க விரும்பவில்லை. பேசத் தெரியாமல் பேசினால் அது நொந்தவர் மேலேயே விழும். நீலகிரியில் அதற்கு ஒரு கூர்மையான உதாரணம் உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மலைப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இந்தியாவில் அந்த இரத்தக் கோளாறு பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் வருகிறது. எலும்புக்குள் கத்தி இறங்குவதுபோல் வலிக்கும். இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர், குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், அவர் அந்தத் தாயின் நெஞ்சில் இன்னொரு நோயை வைத்துவிட்டு வருகிறார். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு தெளிவாகவே சொல்லிவிட்டார். யோவான் 9ஆம் அதிகாரத்தை ஜெப ஐக்கியங்களில் சத்தமாக வாசிக்க வேண்டும். மன அழுத்தத்தால் ஆராதனைக்கு வர முடியாமல் கிடக்கும் வாலிபனுக்குப் பின்மாற்றம் என்று பட்டம் கட்டுவதும் இதே குற்றம்தான். அவனுக்கு ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

வறுமைக்கும் இது பொருந்தும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பச்சைத் தேயிலை விலை அடிமட்டத்துக்குச் சரிந்தபோது எத்தனையோ சிறு விவசாயக் குடும்பங்கள் நிலைகுலைந்தன. ஏற்றுமதிச் சந்தையும் குன்னூர் ஏலமும் தீர்மானித்த விலை அது. ஆசீர்வாதம் தடைப்பட்டது உன் பாவத்தால்தான் என்று அந்த விவசாயியிடம் பேசுவதற்கு எந்தப் போதகருக்கும் அதிகாரம் இல்லை. செழிப்பு உபதேசம் பாவத்தைப் பேசாத உபதேசம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பேசுகிறது, இல்லாதவனின் பாவத்தை மட்டும் பேசுகிறது.

ஒரு சமூகத்தின் மேல் பாவத்தைத் தூக்கி வைக்கும் பழக்கமும் சபைக்குப் பழையது. 1841இல் இதே ஊட்டியில் குருப்பட்டம் பெற்று இடையன்குடிக்குப் போனவர் ராபர்ட் கால்டுவெல். தமிழுக்கு அவர் செய்தது பெரிது, சபைக்கும் பெரிது. ஆனால் திருநெல்வேலி நாடார் மக்களைப் பற்றி 1849இல் அவர் எழுதிய ஆங்கில நூல் அம்மக்களின் குணத்தையே தாழ்த்திப் பேசியது. அந்தக் காயம் பல பத்தாண்டுகள் ஆறவில்லை. நாசரேத் பகுதியில் சட்டாம்பிள்ளை 1857இல் தனியாக இந்து கிறிஸ்தவச் சபையைத் தொடங்கியதற்குப் பின்னால் மிஷனரிமாரின் இத்தகைய போக்கின் மேல் எழுந்த கோபமும் இருந்தது. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டுப் போனார்களே தவிர சாதியை விடவில்லை. அவர்களுக்கும் பாவம் என்ற பாடம் தெரியும். சாதி அந்தப் பாடத்துக்குள் வரவில்லை. உங்கள் திடப்படுத்தல் வகுப்பின் கேள்வி பதில் தாளில் இன்றாவது வந்திருக்கிறதா? லைன் வீட்டுப் பையனுக்கும் பங்களா வீட்டுப் பெண்ணுக்கும் சம்பந்தம் பேசும்போதும், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும்போதும் அது வெளியே வருகிறது.

சரித்திரத்தின் பாவத்தையும் வாலிபர்களிடம் பேசலாம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்துக்கு 1829 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது, 1830 நவம்பரில் பிரதிஷ்டை நடந்தது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மஹாலைப் பிரித்துக் கொண்டுவந்த மரங்கள். தோற்ற அரசனின் வீட்டு மரத்துக்குக் கீழே நின்று எத்தனையோ தலைமுறைகள் பாவ அறிக்கை சொல்லியிருக்கும். ஆலயத்தை இடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அண்ணாந்து பார்க்கச் சொல்லித் தரலாம். ஊட்டி நகரம் எழுந்த நிலம் தோடர்களின் மேய்ச்சல் நிலம் என்பதையும் அதோடு சொல்லலாம். பதினேழு வயதுப் பிள்ளைகள் இதைத் தாங்குவார்கள். வளைந்து கொடுக்காத நியாய உணர்வு உள்ள வயது அது. தனி ஆளின் கெட்ட பழக்கம் மட்டுமே பாவம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிள்ளைகள்தான் கல்லூரிக்கு இறங்கியதும் சபையை விட்டு விலகுகிறார்கள் என்பதை நீங்கள் இம்மடலைவிட நன்றாக அறிவீர்கள்.

படகர்களின் பழைய பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதில் அயலானைப் பற்றிச் சர்க்காரிடம் முறையிட்டதும் ஒரு பாவம். ஊர் வழக்கை ஊருக்குள் தீர்த்துக்கொண்ட காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று அந்த ஒரு வரி ஆபத்தானது. சபைகளில் அது வேறு உருவத்தில் உயிரோடு இருக்கிறது: குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள், கோர்ட் வாசல் ஏறாதீர்கள் என்று. குழந்தையிடம் தவறாக நடந்தவர் யாராக இருந்தாலும், அவர் ஞாயிறு பள்ளி ஆசிரியராகவே இருந்தாலும், அதை அறிந்தவர் போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே தீர வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவில். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி தண்டனை. பாவ அறிக்கை, சட்டத்துக்கு மாற்று இல்லை. மனைவியை அடித்தவர் ஆலய முன்வரிசையில் அழுதது அந்த மனைவிக்குப் பாதுகாப்பு இல்லை. மன்னிப்பைப் பற்றி வகுப்பு எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்தே எடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் மனப்பாட வசனத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்யட்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். லெந்து நாட்களில் ஒரு வாரம், பிள்ளைகளே தங்கள் ஊருக்கான பட்டியலை எழுதட்டும். நீங்கள் சொல்லித் தர வேண்டாம். கோத்தகிரிப் பிள்ளை ஒன்று எழுதும், பந்தலூர்ப் பிள்ளை வேறொன்று எழுதும். யானை வரும் பாதையில் வேலி போட்டது என்று ஒருவர் எழுதலாம். கோடப்பமந்து கால்வாயில் குப்பை கொட்டியது என்று இன்னொருவர். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பேச்சு மொழியைக் கேலி செய்தது என்று ஒரு சின்னப் பெண். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இம்மலையில் நிறைய. அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டுவரும் பட்டியல் நெடியதாக இருக்கும். எழுதியதில் பெயர்கள் இருக்கக் கூடாது, அடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் ஏடாக அது ஆகிவிடக் கூடாது. இந்த எச்சரிக்கை மட்டும் உங்கள் பொறுப்பு.

பட்டியல் எழுதிய அன்றே சிலுவையைப் பற்றிப் பேசுங்கள், தள்ளிப் போடாதீர்கள். குற்ற உணர்வோடு ஒரு பிள்ளையும் இருட்டில் வீட்டுக்கு நடந்து போகக் கூடாது. மறு வாரம் ஒரே ஒரு கேள்வி: இதில் எதைத் திருப்பித் தரலாம், எதைச் சரிசெய்யலாம்? எடுத்த பென்சிலைத் திருப்பித் தந்த பிள்ளை பச்சைப் பக்கத்தைப் புரிந்துகொண்டுவிட்டது.

பெரியவர்களிடம் இது இவ்வளவு எளிதாக நடக்காது. ஆயர்களே, உங்கள் சிரமம் தெரிந்தே சொல்லப்படுகிறது. தராசைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் அறுப்பின் பண்டிகையில் அதிகத் தொகைக்கு ஏலம் எடுப்பவர் முகம் சுளிப்பார். சேகரக் கமிட்டியில் மறுநாளே பேச்சு எழும், அடுத்த மாற்றல் பட்டியலில் உங்கள் பெயர் வருமோ என்ற கவலையும் எழும். அதனால்தான் இந்தப் பாரத்தை ஒரு ஆள் தலையில் வைக்காமல் எல்லாருக்குமாக இம்மடல் எழுதப்பட்டது. பிள்ளைகளின் பட்டியல் தயாரானதும் அதை ஒரு சார்ட்டில் எழுதி, திருவிருந்து ஆராதனையில் பாவ அறிக்கைக்கு முன்பு ஒரு பிள்ளை நின்று வாசிக்கட்டும். சபை பதில் சொல்லட்டும். கொழுந்து எடையில் ஏமாற்றியது என்ற வரி வரும்போது எழுதுகிறவரும் இருப்பார், மூட்டை சுமந்தவரும் இருப்பார். அந்த வாசிப்புக்கு எந்த ஞாயிறு சரிப்படும் என்பதை லெந்து தொடங்குமுன்பே கமிட்டியில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் ஊழியத்தில் அக்கறை கொண்ட ஒரு வாசகர்